நல்கையும் அடைக்கலமும்: அந்தமான் நிகோபார்க் கள ஆய்வுகளை முன்வைத்து ஓர் அறவியல் நோக்கு

முன்னுரை

முனைவர் பட்டம் தனியொருவரின் உழைப்புக்குரிய பேறாகவே சான்றிதழில் பதிவுபெறுகிறது. ஆயினும் அவ்வுழைப்பின் பின்னே மூன்று தரப்பினர் நிற்கின்றனர். பொருள் நல்கும் நிறுவனம் ஒன்று. வழிகாட்டும் நெறியாளர் மற்றொன்று. தம் மொழியையும் வாழ்வையும் ஆய்வுக்குத் திறந்துவைக்கும் மக்கள் மூன்றாவது. இம்மூவருக்கும் ஆய்வாளருக்கும் இடையிலான உறவு எத்தகையது, அவ்வுறவில் எவர் எவருக்குக் கடமைப்பட்டவர் என்னும் வினாக்கள் நம் ஆய்வுலகில் விதிமுறைகளின் மொழியில் பேசப்படுகின்றனவேயன்றி, அறவியல் வினாக்களாக எழுப்பப்படுவது அரிதாகவே உள்ளது.

கோடை விடுமுறை நெருங்கும்போது இவ்வினாக்கள் கூர்மை பெறுகின்றன. வகுப்புகள் நிறைவுறும் அக்காலமே கள ஆய்வுக்குரிய காலமென்று பல்கலைக்கழகங்கள் கருதுகின்றன. அக்காலத்தில் ஆய்வாளருக்குப் பணம் கிடைக்கிறதா, நெறியாளரின் துணை கிடைக்கிறதா, அவர் சென்று சேரும் ஊரார்க்கு அவரால் நன்மையா தீமையா என்பனவெல்லாம் ஆய்வின் தரத்தை மட்டுமன்றி அதன் அறத்தையும் முடிவுசெய்கின்றன. அந்தமான் நிகோபார்த் தீவுகள் இதனை ஆராய்வதற்குத் தக்க களமாகும். ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நல்கை பெற்ற இளம் ஆய்வாளர்கள் அங்குச் சென்றுவருகின்றனர். ஆய்வின் பயனும் ஆய்வின் தீங்கும் அங்கு வெளிப்படையாகத் தெரிகின்றன. அத்தீவுகளின் கள ஆய்வு வரலாற்றை முன்வைத்து, ஆய்வு நல்கையும் நெறியாண்மையும் எவ்வகை அறத்தின்பாற்படும் என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

கூலி, கொடை, அடைக்கலம்

ஆய்வு நல்கையை மூன்று வகையாகப் பொருள்கொள்ள இயலும். முதலாவது கூலி என்னும் பொருள். நிறுவனம் பணம் தருகிறது. ஆய்வாளர் அதற்கீடாக ஆய்வேட்டையும் கட்டுரைகளையும் தருகிறார். இப்பார்வையில் நெறியாளர் மேற்பார்வையாளராகிறார். கணக்கு நேராக இருந்தால் உறவு நிறைவுற்றது. இரண்டாவது கொடை என்னும் பொருள். தருபவர் உயர்ந்தவர், பெறுபவர் நன்றிக்கடன் பட்டவர். இப்பார்வையில் ஆய்வாளர் கேள்வி கேட்பது நன்றி மறத்தலாகத் தோன்றும். நெறியாளரின் வீட்டுப் பணிகளையும் அலுவலகப் பணிகளையும் மாணவர் சுமக்கும் வழக்கம் இப்பொருள்கோளிலிருந்தே பிறக்கிறது எனலாம்.

இவ்விரண்டும் முழுமையற்றவை. கூலி என்று கொண்டால், ஒப்பந்தத்தில் பங்குபெறாத மக்கள் கணக்கிலேயே வருவதில்லை. கொடை என்று கொண்டால், கொடுப்பவருக்குப் பொறுப்பில்லை. கொடுத்ததோடு அவர் கடமை முடிந்துவிடுகிறது. மூன்றாவதாகத் தமிழ் மரபு தரும் கருத்தாக்கம் ஒன்று உண்டு. அதுவே அடைக்கலம். அடைக்கலப் பொருள் பெற்றவருக்கு உரிமையாவதில்லை. அதனைக் காத்து உரியவிடத்தில் சேர்ப்பிப்பதே அவர் கடமை. சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகள் கண்ணகியையும் கோவலனையும் மாதரியிடம் அடைக்கலமாக ஒப்படைக்கிறார். மதுரையில் நேர்ந்த தீங்குக்கு மாதரி எவ்வகையிலும் காரணமல்லள். ஆயினும் அடைக்கலம் காக்க இயலாமற் போனமைக்காக அவள் தீப்புகுந்தாள் என்பதும், ஒப்படைத்த கவுந்தியடிகள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்தார் என்பதும் நீர்ப்படைக் காதையில் மாடலன் வாயிலாகத் தெரியவருகின்றன. அம்முடிவுகள் இன்று பின்பற்றத்தக்கன அல்ல. ஆனால் அவற்றின் உள்ளே நிற்கும் கருத்து கவனிக்கத்தக்கது. பெற்றவர் மட்டுமன்றி ஒப்படைத்தவரும் பொறுப்புடையவர். தீங்கு தம் செயலால் விளையவில்லை என்பது அப்பொறுப்பை நீக்கிவிடாது.

இக்கருத்தை ஆய்வுலகுக்குப் பொருத்தினால் மூன்று அடைக்கலங்கள் புலப்படுகின்றன. பொதுப்பணம் ஆய்வாளரிடம் அடைக்கலம். ஆய்வாளரின் இளமையும் உயிரும் நெறியாளரிடமும் நிறுவனத்திடமும் அடைக்கலம். மக்கள் சொல்லிய சொல் ஆய்வாளர், நெறியாளர் ஆகிய இருவரிடமும் அடைக்கலம். இம்மூன்றில் முதலாவதற்கே தணிக்கை உண்டு. மற்றவை இரண்டும் மனச்சான்றை நம்பி நிற்கின்றன.

1906: ஒரு நல்கையின் பயணம்

அந்தமான் குறித்த நல்கைசார் ஆய்வுகளில் காலத்தால் முந்தியதும் புகழ்பெற்றதும் ஏ. ஆர். ராட்கிளிஃப் பிரௌன் செய்த ஆய்வாகும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ், ஏ. சி. ஹேடன் ஆகியோரிடம் பயின்ற அவர், ஆந்தனி வில்கின் நல்கையைப் பெற்று 1906 முதல் 1908 வரை அந்தமானில் கள ஆய்வு மேற்கொண்டார். அந்நல்கையின் தோற்றமே சிந்தனைக்குரியது. 1898இல் ஹேடன் தலைமையில் டாரஸ் நீரிணைப் பகுதிக்குச் சென்ற ஆய்வுக் குழுவில் ரிவர்சும், இளைஞரான ஆந்தனி வில்கினும் இடம்பெற்றிருந்தனர். வில்கின் 1901இல் கெய்ரோவில் நோயுற்று இறந்தார். அவர் நினைவாகவே அந்நல்கை ஏற்படுத்தப்பட்டது. இளம் ஆய்வாளர் ஒருவரின் இறப்பு மற்றோர் இளம் ஆய்வாளரின் பயணத்துக்கு வழியமைத்தது.

அந்நல்கை தந்த காலம் ஒரு கோடை விடுமுறையினும் பன்மடங்கு நீண்டது. அவ்வளவு காலமும் போதவில்லை என்பதை ராட்கிளிஃப் பிரௌன் தம் நூலிலேயே மறைக்காது பதிவுசெய்கிறார். பெரிய அந்தமானில் தொடக்கத்தில் இந்துஸ்தானி மொழியின் துணைகொண்டே உரையாட வேண்டியிருந்தது. சிற்றந்தமானின் ஓங்கே மக்களிடம் மொழித் தடை காரணமாக அவரால் விரும்பிய ஆய்வைச் செய்ய இயலவில்லை. களத்திலிருந்து மீண்டபின் எழுதிய ஆய்வேட்டை அவர் பின்னர் பிரெஞ்சுச் சமூகவியலாரின் தாக்கத்தால் திருத்தி எழுதினார். முதல் உலகப் போர் இடையிட்டதால் நூல் 1922இல்தான் வெளிவந்தது. அதனை அவர் ஹேடன், ரிவர்ஸ் ஆகிய தம் ஆசிரியர் இருவருக்கும் உரித்தாக்கினார். ரிவர்ஸ் அவ்வாண்டு ஜூன் மாதம் இயற்கை எய்தினார்.

நெறியாண்மை என்னும் நோக்கில் இந்நிகழ்வு பாராட்டுக்குரியது. மாணவர் தம் ஆசிரியர்களின் கோட்பாட்டிலிருந்து விலகிச் சென்றபோதும் உறவு முறியவில்லை. விலகிய மாணவரும் நன்றி மறக்கவில்லை. மாற்றுக் கருத்துக்கு இடந்தருவது நல்ல நெறியாளருக்கு இலக்கணம் என்பதற்கு இது சான்று.

ஆனால் மூன்றாம் அடைக்கலத்தின் நிலை வேறு. 1858இல் போர்ட் பிளேயரில் தண்டனைக் குடியேற்றம் அமைந்தபின் பெரிய அந்தமானியர் நோய்களுக்கு இரையாயினர். 1877இல் பரவிய தட்டம்மை பேரழிவை விளைவித்தது. 1901 கணக்கெடுப்பில் 625ஆக இருந்த அவர்தம் எண்ணிக்கை 1911இல் 455ஆகக் குறைந்தது. இவ்விரு கணக்கெடுப்புகளுக்கும் இடைப்பட்ட ஆண்டுகளிலேயே கேம்பிரிட்ஜ் நல்கை அங்குச் சென்றது. ஆய்வாளரின் நோக்கமோ, ஐரோப்பியர் வருகைக்கு முன் அச்சமூகம் இருந்தவாற்றை மீட்டுரைப்பதாக இருந்தது. மக்கள்தொகைச் சரிவை நூல் குறிப்பிடாமலில்லை; எனினும் சமூகத்தை ஒருங்கிணைத்து நிறுத்துவன சடங்குகள் என்னும் அதன் மையக் கோட்பாட்டுக்கு, கண்முன் சிதைந்துகொண்டிருந்த சமூகத்தின் துயரம் தேவைப்படவில்லை. இதனைத் தனியொருவரின் குற்றமாகக் கொள்வது பொருந்தாது. வினாவை வடிவமைத்த நல்கையும் நெறியாண்மையும் அத்துயரை வினாவாக்கவில்லை என்பதே உண்மை. நெறியாளர் தம் மாணவருக்குக் கருவிகளைத் தருவதோடு, எதனைக் காண வேண்டும் என்பதையும் தருகிறார். ஆகவே காணாமல் விடப்பட்டவற்றிலும் அவருக்குப் பங்குண்டு.

திருவாவடுதுறை: தமிழ் மரபில் நல்கையும் நெறியாண்மையும்

நல்கையும் நெறியாண்மையும் மேலைநாட்டிலிருந்து வந்தவை என்னும் எண்ணம் பொதுவாக நிலவுகிறது. இது ஓரளவே உண்மை. நன்னூலின் பொதுப்பாயிரம் ஆசிரியர் இலக்கணம், மாணாக்கர் இலக்கணம், கற்பிக்கும் முறை, கற்கும் முறை ஆகியவற்றை விரித்துரைக்கிறது. நல்லாசிரியருக்கு நிலம், மலை, துலாக்கோல், மலர் என்பனவற்றை உவமையாக்கும் அந்நூல், ஆசிரியராகத் தகாதவர் எத்தகையோர் என்பதையும் கூறத் தவறவில்லை. மாணாக்கரை மதிப்பிடும் அளவுகோலுக்கு இணையாக ஆசிரியரை மதிப்பிடும் அளவுகோலையும் அது வைத்திருப்பது கருதத்தக்கது. இன்றைய ஆய்வு விதிமுறைகளிலோ மாணவரை மதிப்பிடும் படிநிலைகள் பல. நெறியாளரை மதிப்பிடும் படிநிலை தகுதிப் பட்டியலோடு நின்றுவிடுகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருவாவடுதுறை ஆதீனம் இதற்கு நிறுவன வடிவம் தந்திருந்தது. உ. வே. சாமிநாதையர் 1871 முதல் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்றார். பிள்ளையவர்களின் மாணவர்களுக்கு உணவும் உறைவிடமும் அளித்து ஆதீனம் புரந்தது. 1876இல் பிள்ளையவர்கள் மறைந்தபோது, ஆசிரியரை இழந்த மாணவரை ஆதீனம் கைவிடவில்லை. சுப்பிரமணிய தேசிகர் தாமே அவருக்குப் பாடஞ்சொல்லியதோடு, மடத்திலேயே கற்பிக்கும் வாய்ப்பையும் நல்கினார். 1880இல் கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியர் தியாகராச செட்டியார் ஓய்வுபெறுகையில், தம் பதவிக்குச் சாமிநாதையரே உரியவர் என்று பரிந்துரைத்தார். தேசிகர் பிரிய மனமில்லாத நிலையிலும் அதற்கு இசைந்தார்.

இந்நிகழ்வில் மூன்று அறக்கூறுகள் உள்ளன. நெறியாளர் மறைந்தாலும் மாணவர்பால் நிறுவனத்தின் பொறுப்பு தொடர்கிறது என்பது ஒன்று. மூத்த மாணவர் இளைய மாணவருக்கு வழிவிடுகிறார் என்பது மற்றொன்று. புரந்தவரே மாணவரைத் தம்மிடமிருந்து விடுவிக்கிறார் என்பது மூன்றாவது. அடைக்கலம் உரிமையன்று என்பதற்கு இவ்விடுவிப்பே சான்றாகும். அதேவேளை, மடத்தின் புரத்தல் எல்லாப் பிறப்பினர்க்கும் திறந்திருந்ததன்று என்பதையும் மறுக்கலாகாது. தகுதியுடைய அனைவருக்கும் பொதுப்பணத்திலிருந்து நல்கை என்னும் இக்கால முறை அக்குறையைக் களைய வந்ததாகும். எனவே, மடத்தின் அக்கறையும் அரசு நல்கையின் பொதுமையும் ஒருங்கே அமைதல் வேண்டும். ஒன்றுக்காக மற்றொன்றை இழத்தல் முறையன்று.

கோடையும் பருவமழையும்

கோடை விடுமுறையே கள ஆய்வுக் காலம் என்னும் கருத்தைத் தீவுகளின் இயற்கை ஏற்பதில்லை. தமிழகத்தில் வெயில் உச்சமடையும் மே மாதத்தின் பிற்பகுதியில் தென்மேற்குப் பருவமழை முதலில் எட்டும் இந்தியப் பகுதி நிகோபார்த் தீவுகளே. ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெறும் அத்தீவுகளில் மழைக்காலம் மே முதல் டிசம்பர் வரை நீள்கிறது. கடல் அமைதியாக இருப்பது ஜனவரி முதல் ஏப்ரல் வரையே. பல்கலைக்கழகத்தில் வகுப்புகளும் கருத்தரங்குகளும் நிதியாண்டு முடிவுக் கணக்குகளும் நெருக்கும் மாதங்கள் அவை. சென்னையிலிருந்து போர்ட் பிளேயருக்குக் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) கப்பலில் செல்ல ஏறத்தாழ மூன்று நாள். அங்கிருந்து பெரிய நிகோபாருக்குச் செல்ல மீண்டும் ஒரு கடற்பயணம். கடல் கொந்தளித்தால் கப்பல் புறப்படாது. ஆறு வார விடுமுறையில் இரண்டு வாரம் பயணத்திலும் காத்திருப்பிலும் கழிந்துவிடக்கூடும்.

இதனால் விளைவது கால இழப்பு மட்டுமன்று. விரைந்து முடிக்க வேண்டிய நெருக்கடி ஆய்வாளரின் ஒழுக்கத்தைத் தாக்குகிறது. நாள்கள் குறைந்த நிலையில் அவர் கேட்க வேண்டியவரைக் கேட்காமல் எளிதில் கிடைப்பவரைக் கேட்கிறார். இசைவு பெறாமல் ஒளிப்பதிவு செய்கிறார். விடையை எதிர்பார்த்து வினாவை அமைக்கிறார். கள ஆய்வில் நிகழும் பிழைகளில் பல, தீய நோக்கத்தால் விளைவன அல்ல. போதாத காலத்தால் விளைவன. எனவே காலம் தருவதும் ஓர் அறச்செயல். களத்தின் பருவத்துக்கேற்ப ஆய்வாளரை ஜனவரியில் அனுப்பிவிட்டு, மே மாதத்தை எழுதுவதற்குரிய காலமாக மாற்றித் தர நெறியாளர் முன்வர வேண்டும். 2022ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழு விதிமுறைகள் ஆய்வுக்குக் குறைந்தது மூன்றாண்டும் மிகுதியாக ஆறாண்டும் வரையறுத்துள்ளன. அக்கால எல்லைக்குள் இத்தகைய நெகிழ்வுக்கு இடமுண்டு. இல்லாதது பெரும்பாலும் மனமே.

பணத்தின் நிலையும் இதனோடு இணைந்தது. தேசியத் தகுதித் தேர்வில் வென்று இளநிலை ஆய்வு நல்கை பெறுபவருக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய் வழங்கப்படுகிறது. அத்தேர்வின் வழி வராத மத்தியப் பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்கான உதவித்தொகையை 2015 அக்டோபரில் நிறுத்த முடிவெடுத்தபோது அது மாதம் 8,000 ரூபாயாக இருந்தது. மாணவர் போராட்டத்தின் பின்னரே அது தொடர்ந்தது. மாநிலப் பல்கலைக்கழகங்களிலும் இணைவுபெற்ற கல்லூரிகளிலும் எவ்வகை நல்கையுமின்றி ஆய்வு செய்வோர் பலர். இளநிலை நல்கை பெறுவோருக்கும் கலைப்புலத்தில் இதரச் செலவுகளுக்கென முதலிரண்டு ஆண்டுகளில் ஆண்டுக்கு 10,000 ரூபாயே ஒதுக்கப்படுகிறது. நூல்களும் படிகளும் பயணமும் அதற்குள் அடங்க வேண்டும். அறிவியல் மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் இந்திய அறிவியல் அகாதெமிகள் மூன்றும் இணைந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு நல்கைத் திட்டம் உண்டு; மொழி, இலக்கியத் துறைகளின் ஆய்வாளருக்கு அத்தகைய கோடை நல்கை பரவலாக இல்லை. இந்நிலையில், ‘களத்துக்குச் செல்’ என்று பணிப்பது சிலருக்கு வாய்ப்பு, சிலருக்குக் கடன். தம் மாணவர் எந்தப் பணத்தில் செல்கிறார் என்று வினவாத நெறியாளர், களத்தில் அவர் செய்யும் குறுக்குவழிகளைக் கண்டிக்கும் தகுதியைப் பாதி இழந்துவிடுகிறார்.

கையொப்பமும் பொறுப்பும்

ஆய்வாளரின் உயிர் எவரிடம் அடைக்கலம் என்னும் வினாவுக்கு அந்தமான் இரண்டு நிகழ்வுகளைச் சான்றாகத் தருகிறது.

முதலாவது, இந்திய மானிடவியல் அளவைத் துறையின் ஆய்வு நல்கை பெற்று அத்தீவுகளுக்குச் சென்ற மதுமாலா சட்டோபாத்தியாய் தொடர்பானது. 1991 ஜனவரி 4ஆம் நாள் வட சென்டினல் தீவின் கரையில், அத்தீவினர் வெளியாரின் கையிலிருந்து தேங்காய்களை நேரில் பெற்றுக்கொண்ட நிகழ்வில் அவரும் உடனிருந்தார். இப்பயணங்களின் இடர்களை அறிந்தே செல்வதாகவும், தீங்கு நேரின் அரசு பொறுப்பன்று என்றும் அவரிடமும் அவர்தம் பெற்றோரிடமும் எழுத்துமூல உறுதிமொழி பெறப்பட்டதாக அவரைக் குறித்த செய்திக் கட்டுரைகள் தெரிவிக்கின்றன. சட்ட நோக்கில் இத்தகைய உறுதிமொழி இயல்பானதாக இருக்கலாம். அற நோக்கில் அது அடைக்கலத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுதலாகும். இடரை அறிந்து ஏற்பது ஆய்வாளரின் துணிவு. அத்துணிவைக் காட்டித் தன் பொறுப்பைக் கழித்துக்கொள்வது நிறுவனத்தின் துணிவின்மை.

இரண்டாவது, 2004 டிசம்பர் 26ஆம் நாளின் ஆழிப்பேரலை. பெரிய நிகோபாரின் கலாத்தியா விரிகுடாவில், முட்டையிட வரும் தோணியாமைகளைக் கண்காணிக்க அமைந்திருந்த ஆய்வு முகாமை அலை அழித்தது. அங்கிருந்தோருள் இளம் ஆய்வாளரும் களப்பணியாளரும் உயிரிழந்தனர். அப்பேரழிவை எவரும் முன்னறிந்திருக்க இயலாது. எவரையும் குற்றஞ்சாட்டவும் இயலாது. ஆனால் குற்றமில்லாத இடத்திலும் கடமை எஞ்சி நிற்கிறது. இறந்தவரின் குடும்பத்துக்கு நிறுவனம் செய்ய வேண்டியவை யாவை, களப்பணியாளராகச் சென்ற தீவினரின் குடும்பத்துக்கும் அதே அளவு செய்யப்படுமா, முடிவுறாத ஆய்வு எவர் பெயரில் வெளிவரும் என்பன விபத்துக்குப் பின் எழும் வினாக்களல்ல. பயணத்துக்கு முன்பே விடை காண வேண்டியவை. ஆய்வாளருக்குக் காப்பீடு, தொடர்புகொள்ளும் நேரம், திரும்பி வரும் உரிமை ஆகியவற்றை உறுதிசெய்யாமல் அனுப்புவது நெறியாண்மையாகாது.

இவற்றுள் திரும்பி வரும் உரிமை சிறப்பாகக் கருதத்தக்கது. களத்திலிருந்து வெறுங்கையோடு திரும்பும் மாணவரை ஏற்கும் நெறியாளரே, செல்லத் தகாத இடத்துக்குச் செல்லாமல் அவரைக் காக்கிறார். 1956ஆம் ஆண்டின் அந்தமான் நிகோபார்த் தொல்குடிகள் பாதுகாப்பு ஒழுங்குமுறை, ஒதுக்கப்பட்ட பகுதிகளில் வெளியார் நுழைவதைத் தடைசெய்கிறது. ஆய்வாளருக்கும் முன்னிசைவு கட்டாயம். சென்டினல் தீவுக்கான தொடர்புப் பயணங்கள் 1990களின் நடுப்பகுதிக்குப் பின் கைவிடப்பட்டன. தொல்குடிகளை அவர்கள் போக்கில் விட்டுவிடுவதே நன்று என்று மதுமாலா சட்டோபாத்தியாயும் பின்னாளில் கருத்துரைத்துள்ளார். அறிய முடியாது என்பதன்று, அறியாதிருப்போம் என்று தேர்ந்துகொள்வதும் அறிவின் ஒரு நிலை என்பதை இம்முடிவு உணர்த்துகிறது. இதனை மாணவருக்குக் கற்பிப்பது நெறியாளரின் கடமைகளுள் கடினமானது. ஏனெனில், இதில் வெளியிடத்தக்க கட்டுரை எதுவும் விளைவதில்லை.

களத்தில் உள்ள நெறியாளர்

பல்கலைக்கழகம் ஆய்வாளருக்கு ஒரு நெறியாளரைத் தருகிறது. களம் மற்றொருவரைத் தருகிறது. இரண்டாமவர் ஆய்வேட்டின் நன்றியுரையில் ‘தகவலாளர்’ என்னும் பொதுப்பெயரில் மறைந்துவிடுகிறார்.

ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் மொழியியற் பேராசிரியர் அன்விதா அப்பி, இலண்டனிலிருந்து செயற்பட்ட அழிநிலை மொழிகள் திட்டத்தின் நல்கையுடன் 2005 முதல் பெரிய அந்தமானிய மொழியை ஆவணப்படுத்தினார். இளம் ஆய்வாளர்களும் அப்பணியில் பயிற்சி பெற்றனர். அவர்களுக்கு மொழியைக் கற்பித்தோருள் நாவோ ஜூனியரும் போவா சீனியரும் குறிப்பிடத்தக்கவர். நாவோ ஜூனியர் 2009இலும், அகா-போ மொழியின் கடைசிப் பேச்சாளரான போவா சீனியர் 2010 ஜனவரியிலும் மறைந்தனர். அவர்களிடம் பெற்ற சொற்களைக் கொண்டு அகராதி 2012இலும் இலக்கணம் 2013இலும் வெளிவந்தன. தம் ஆசிரியர்கள் என்னும் நிலையில் வைத்து அத்தீவினரைப் பெயர் சுட்டி எழுதுவதை அப்பி தம் எழுத்துகளில் கடைப்பிடிக்கிறார். இது வெறும் மரியாதையன்று. சொல்லொன்றுக்குப் பொருள் கூறுபவர், அதன் வழக்கைத் திருத்துபவர், தவறான வினாவைத் தவறென்று உணர்த்துபவர் எவரோ அவரே ஆசிரியர். எழுத்தறிவு அதற்கு நிபந்தனையன்று.

தமிழாய்வுக்கும் இது பொருந்தும். 2011 கணக்கெடுப்பின்படி தீவுகளின் மக்கள்தொகை 3,80,581; அவர்களுள் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர். 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி உடன்படிக்கையைத் தொடர்ந்து இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய மலையகத் தமிழருள் ஒரு பகுதியினர் கச்சால் தீவின் இரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டனர். இத்தகைய குடியிருப்புகளின் வழக்காறுகளைத் திரட்டச் செல்லும் தமிழ் ஆய்வாளர், மொழி ஒன்றாக இருப்பதாலேயே தாம் வெளியார் அல்லர் என்று எண்ணிவிடக் கூடும். தாலாட்டையும் ஒப்பாரியையும் பாடிக்காட்டும் மூதாட்டிக்கு அவை தரவுகள் அல்ல. இழந்த ஊரும் இறந்த உறவும் ஆகும். பதிவுக் கருவியை நிறுத்த வேண்டிய நொடி எது என்பதை எந்த ஆய்வு முறையியல் நூலும் கற்பிக்காது. அதனை நெறியாளர் தம் நடத்தையால் கற்பித்திருக்க வேண்டும். அல்லது அம்மூதாட்டியே கற்பிப்பார்.

தீவுகளில் பிறந்த மாணவரின் நிலை இதன் மறுபக்கம். போர்ட் பிளேயரில் 1967இல் தொடங்கப்பெற்ற ஜவகர்லால் நேரு அரசுக் கல்லூரி நெடுங்காலம் புதுவைப் பல்கலைக்கழகத்துடன் இணைந்து இயங்கியது. கடல் உயிரியல் போன்ற துறைகளில் அப்பல்கலைக்கழகமே தீவில் மையம் அமைத்தது. எனினும் கலைப்புலத்தில் முனைவர் பட்டம் நாடும் தீவு மாணவர் பெரும்பாலும் கடல் கடந்தே செல்ல வேண்டியுள்ளது. நிலப்பரப்பினருக்குத் தீவு களம். தீவினருக்கு நிலப்பரப்பு பட்டம். இவ்வேற்றத்தாழ்வு நீடிக்கும்வரை, தீவு பற்றிய அறிவு தீவினருக்குத் திரும்பிச் சேரும் பொருளாகாது. கோடை நல்கைகளுள் ஒரு பகுதியைத் தீவு மாணவருக்கும், தரவுகளின் படிகளைத் தீவின் நூலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் ஒதுக்குவது உதவியன்று. அடைக்கலத்தை உரியவரிடம் சேர்ப்பித்தலாகும்.

மறுப்புகளும் விடைகளும்

மேற்கூறியவற்றுக்கு மூன்று மறுப்புகள் எழலாம். முனைவர் பட்ட ஆய்வாளர் முதிர்ந்தவர். அவரை அடைக்கலமாகக் கருதுவது அவரது தன்னுரிமையைக் குறைப்பதாகும் என்பது முதலாவது. இம்மறுப்பில் உண்மையுண்டு. பாதுகாப்பு என்னும் பெயரில் பெண் ஆய்வாளரைக் களத்துக்கு அனுப்ப மறுத்த வழக்கங்கள் நம்மிடையே உள்ளன. ஆனால் அடைக்கலம் காப்பது தடுப்பதன்று. ஆய்வாளர் எடுத்த முடிவின் சுமையை அவர்மீது மட்டும் விட்டுவிடாமல் பகிர்ந்துகொள்வதே அது. தடுப்பவரும் கையொப்பம் வாங்கிக்கொண்டு விலகுபவரும் ஒரே பிழையின் இரு பக்கங்களாவர். இருவருமே உடன் நிற்பதில்லை.

மொழிகளும் வழக்காறுகளும் நாள்தோறும் அழிகின்ற நிலையில், அறத்தை எண்ணித் தயங்கினால் எஞ்சுவது எதுவுமில்லை என்பது இரண்டாவது. போவா சீனியருடன் மறைந்த மொழியை எண்ணும்போது இதன் வலிமை புலப்படும். எனினும் அவ்வாவணம் உருவானதே பல ஆண்டு உறவின் பயனாகத்தான். விரைவும் பொறுமையின்மையும் ஒன்றல்ல. முன்னதற்கு நல்கை விரைந்து கிடைக்க வேண்டும். பின்னதற்கு எந்த நல்கையும் ஈடாகாது.

நெறியாளரின் பணிச்சுமை மூன்றாவது. விதிமுறைகளின்படி உதவிப் பேராசிரியர் நால்வரையும், இணைப் பேராசிரியர் அறுவரையும், பேராசிரியர் எண்மரையும் ஒரே காலத்தில் நெறிப்படுத்தலாம். கற்பித்தலும் தேர்வுப் பணியும் நிருவாகமும் நெருக்க, ஒவ்வொருவரின் களத்தையும் அவர் எவ்வாறு அறிவார்? இம்மறுப்பு மிகவும் நேர்மையானது; விடையும் எளிதன்று. எண்மரை ஏற்கலாம் என்பது உச்ச எல்லையேயன்றி இலக்கன்று என்பதை நினைவிற்கொள்வது முதற்படி. நெறியாண்மையைக் கற்பித்தலுக்கு இணையான பணியாகக் கணக்கிட்டு அதற்குரிய நேரத்தை நிறுவனம் ஒதுக்குவது அடுத்த படி. தனியொருவரின் தியாகத்தை நம்பி நிற்கும் அறம் நிலைக்காது; அதனை நிறுவனமும் தாங்க வேண்டும்.

முடிவுரை

ஆய்வு நல்கையைக் கூலியாகக் கொண்டால் மக்கள் மறைகின்றனர். கொடையாகக் கொண்டால் ஆய்வாளரின் குரல் மறைகிறது. அடைக்கலமாகக் கொள்ளும்போதே பணம் தருபவர், நெறிப்படுத்துபவர், கற்றுத் தரும் மக்கள், கற்கும் ஆய்வாளர் ஆகிய அனைவரும் பொறுப்பின் கண்ணியில் இணைகின்றனர். அந்தமானில் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நிகழ்ந்த ஆய்வுகள் இதனையே உணர்த்துகின்றன. காலமும் நல்கையும் பெற்ற 1906ஆம் ஆண்டின் ஆய்வு, மக்களின் துயரைத் தன் வினாவாக்கவில்லை. துணிவு நிறைந்த 1991ஆம் ஆண்டின் பயணத்தில், நிறுவனம் தன் பொறுப்பை எழுத்தில் கழித்துக்கொண்டது. 2005இல் தொடங்கிய மொழி ஆவணப் பணியிலோ, சொல் தந்தவர் பெயரோடு நிற்கின்றனர்.

ஆய்வேடு ஏற்கப்பட்டுப் பட்டம் வழங்கப்படும் நாளில் பல்கலைக்கழகத்தின் கணக்கு முடிவுறுகிறது. களத்தின் கணக்கு அன்று முடிவதில்லை. தம் மாணவரைத் தேர்வுக்கு அணியமாக்கும் நெறியாளர், அக்கணக்கை அவர் வாழ்நாள் முழுதும் நினைவிற்கொள்ளுமாறு அணியமாக்கினாரா என்பதே நெறியாண்மையின் உரைகல்லாகும். அடுத்த கோடைக்கான பயண விண்ணப்பத்தில் கையொப்பமிடும் முன், செல்பவர் யார், எவர் பணத்தில், எப்பருவத்தில், எவர் வீட்டு வாயிலுக்கு, எதனைத் திருப்பித் தருவதற்காக என்னும் ஐந்து வினாக்களை நெறியாளர் தமக்குள் கேட்டுக்கொள்வாராயின், விதிமுறைகள் விட்டுச்சென்ற இடைவெளியை ஓரளவேனும் அறம் நிரப்பும்.